மட்டையும் பந்தும் வந்தன. ஆட்டத்தை யார் தொடங்குவது?

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அந்த ஆட்டம் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டுவதாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை இது. இந்த அளவை எட்டும் பிள்ளைகள் மிகக் குறைவு. 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 16 லட்சம் மாணவர்களின் தரவுகளை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தொகுத்து 2019-ல் வெளியிட்டனர். நூற்றுக்கு 81 பேர் அந்த ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை என்று அது காட்டியது. பையன்களில் இது 78, பெண் பிள்ளைகளில் 85.

இந்தியாவின் நிலை உலகச் சராசரியை விடச் சற்று மேல் என்பது அந்த ஆய்வில் ஆறுதலாகத் தோன்றும் செய்தி. அதற்கு ஆய்வாளர்கள் ஊகித்த காரணங்களைப் படித்தால் ஆறுதல் குறைந்துவிடும். பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பதே அந்த ஊகம். குடம் சுமப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் உடலசைவுக் கணக்கில் வரவாகிவிட்டன. உடம்பு அசைவது உண்மைதான். அதை விளையாட்டு என்று எந்தப் பெண் பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஒரு வட்டாரத்தை எடுத்துப் பார்ப்போம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசலை வெளியூர்க்காரர்கள் குடைவரைக் கோயிலின் தாமரைக் குள ஓவியத்துக்காக அறிவார்கள். அதைச் சுற்றியுள்ள அன்னவாசல் வட்டாரம் வானம் பார்த்த நிலமும் கல் குவாரியும் கூலி வேலையும் கலந்த பகுதி. இங்கே பணம் கட்டிச் சேரும் நீச்சல் குளமோ டென்னிஸ் அகாடமியோ கைக்கெட்டும் தொலைவில் இல்லை. பள்ளிக்கூடம், ஊர்ப் பொட்டல், கபடிக் குழு ஆகிய மூன்றுதான் பிள்ளைகளின் விளையாட்டு உலகம். மூன்றுக்கும் தனித்தனியே குறைகள் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஆள் இல்லாதது இன்னும் பெரிய குறை.

பள்ளியிலிருந்து தொடங்கலாம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. நூறு பேர் இல்லாத சிறு பள்ளிகளே கிராமங்களில் அதிகம். அங்கே வகுப்பாசிரியர்தான் விசில் ஊத வேண்டும். பி.இ.டி. சார் இருக்கும் உயர்நிலைப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது வழக்கம். வாங்கிய கடன் திரும்பி வருவதில்லை. மிஞ்சும் நேரம் குறுவட்டப் போட்டிக்குப் போகும் அணிக்குச் செலவாகிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் நல்ல ஏணிதான். ஆனால் கபடி அணிக்குப் பன்னிரண்டு பேர் போதும். முந்நூறு பேர் படிக்கும் பள்ளியில் மற்றவர்கள் வேலியோரம் நின்று கைதட்டுகிறார்கள்.

பள்ளி விட்டதும் ஊர் தொடங்குகிறது. நற்பணி மன்றம், இளைஞர் மன்றம், கபடிக் குழு என்று பெயர் எதுவானாலும் தமிழகக் கிராமங்களில் விளையாட்டுக் கழகம் பழைய சங்கதி. பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ மின்விளக்கு கட்டி ஆட்டம் நடத்துவார்கள். சுழற்கோப்பைக்கும் பரிசுத் தொகைக்கும் ஊரில் வசூல் நடக்கும். அந்த மூன்று நாள் கழிந்தால் கழகம் அடுத்த பொங்கல் வரை தூங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பார்வையாளர் இடம்தான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

அரசு இந்தக் கழகங்களை எழுப்பிவிடப் பல முறை முயன்றிருக்கிறது. 2006-க்குப் பிந்தைய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் அமைத்தது. 2008-ல் மத்திய அரசு பஞ்சாயத்து யுவ கிரீடா அவுர் கேல் அபியான் என்ற நீண்ட பெயருடைய திட்டத்தைக் கொண்டுவந்தது. அது பெயர் மாறி, கடைசியில் கேலோ இந்தியாவில் கரைந்தது. அடுத்து அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம், 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பை வழங்குவதற்கானது. ஆட்சி மாறினால் பெயர் மாறுகிறது. பந்தும் மட்டையும் வலையும் எல்லா ஆட்சியிலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை வந்து சேர்ந்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது யார் என்பதற்கு எந்த அரசாணையிலும் பெயர் எழுத முடியாது.

அந்தப் பெயரை ஊரிலிருந்தே எடுக்க முடியும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பெரிய சாட்சி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்புக்குப் பெண்கள் தாமாக வந்துபோகவும் தொண்டர்கள் ஊர் ஊராகச் செல்லவும் சைக்கிள் வேண்டியிருந்தது. தேவை அங்கேதான் முளைத்தது. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள், பள்ளி மாணவிகள் எனப் பலரும் சைக்கிள் ஏறினர். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சொல்லி ஆண்களுக்கான சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு.

இதை விளையாட்டுக் கழகம் என்று யாரும் அன்று அழைக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல கழகத்துக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. சம்பளம் வாங்காத இளைய தொண்டர், குறித்த நேரம், கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும் என்ற எழுதாத விதி, ஊர் பார்க்க நடக்கும் ஒரு விழா. நேற்று ஹேண்டில் பிடிக்கத் தெரியாமல் விழுந்தவளே இன்று பின்னால் ஓடி சீட்டைப் பிடித்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கூச்சம் விட்டது. தேர்ந்த பயிற்சியாளர் ஒருவரை வைத்திருந்தால் இது இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது. 2001-02-ல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிப் பின்னர் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம், புதுக்கோட்டையில், பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது வியப்பாக இல்லாமல் போன ஒரு மண்ணில் வந்து இறங்கியது.

தடகளத்திலும் இம்மாவட்டத்துக்குப் பெயர் உண்டு. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவமானத்தோடு ஊர் திரும்பியவர் செய்த வேலைதான் இங்கே பொருத்தமானது. கையில் இருந்த பரிசுப் பணத்தைக் கொண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார். இதே மாவட்டத்தின் சூர்யா லோகநாதன் 2016-ல் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இப்படி ஒருவர் ஊரில் இருந்தால் அவரைப் பார்த்து ஓடத் தொடங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அதே சமயம், பதக்கம் வாங்க முடியாத பெரும்பான்மைக்காகவும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதுதான் கழகத்தின் தலையாய வேலை. இது பல ஊர்களில் மறந்துபோகிறது.

பிள்ளைகளைப் பிள்ளைகளே நடத்துவது என்ற எண்ணம் புதிதல்ல. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் சுமார் இருபது பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்களில் ஒருவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் இன்றுவரை நிற்பது அந்தச் சிறு அணி முறையில்தான். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, விளையாட்டை நடத்தத் தெரிந்த ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பி வருகிறது. அந்த வரிசையில் அண்மை வரவு, 2024 நவம்பரில் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம். மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிகிறார்கள். குழுக்களுக்கு மாணவத் தலைவர்கள் உண்டு.

இப்படிக் குழுக்களில் பிள்ளைகள் கலப்பதற்கு ஒரு கூடுதல் பயன் இருக்கிறது. ஊர்க் கபடிக் குழுக்கள் பலவும் தெருவை வைத்து அமைகின்றன. தெரு என்பது தமிழ்நாட்டில் எதைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலத்தெரு அணியும் காலனி அணியும் எதிரெதிரே மட்டும் ஆடிக்கொண்டிருந்தால், விளையாட்டு ஏற்கெனவே உள்ள கோட்டை இன்னும் அழுத்தி வரையும். முல்லைக் குழுவில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பக்கம் நிற்க வேண்டியிருக்கும். மாலை நேரக் கழகமும் அதே குழுக்களைத் தொடர்ந்தால் பள்ளியில் தொடங்கியது ஊரிலும் நிலைக்கும்.

தலைவர் தேர்வில் வழக்கமான பிழை, நன்றாக ஆடுபவனையே கேப்டனாக்குவது. ஆட்டக்காரன் தன் ஆட்டத்தைப் பார்ப்பான். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளில் சிறுவர்கள் பயப்படாமல் அணுகக் கூடியவரே இந்த வேலைக்கு ஏற்றவர். வேலையும் எளிது: யார் வரவில்லை என்று பார்ப்பது, அணி பிரிப்பது, தண்ணீருக்கு ஏற்பாடு செய்வது, அடிபட்டால் பெரியவரைக் கூப்பிடுவது. ஒரு பருவத்துக்கு ஒருவர் என்று மாற்றினால் நிறையப் பேர் பழகுவார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரிடம் டிசம்பருக்குப் பிறகு எதையும் எதிர்பார்க்க முடியாது. பயிற்சி நேரத்தில் பொறுப்பான பெரியவர் இருவராவது திடலில் இருப்பதும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பதும் கட்டாயம். பெண் பிள்ளைகளின் வருகை, ஆட்டத்தின் கவர்ச்சியை விடக் கழிப்பறையையும் இருட்டுவதற்குள் வீடு சேர்வதையும் பொறுத்தது. ஆறு மணிக்கு முடியும் கழகத்துக்கு அவர்கள் வருவார்கள், ஏழரைக்கு முடிவதற்கு வர மாட்டார்கள்.

சித்தன்னவாசலில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. குன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ன் சட்டத் திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். மலையடியில் கேலரி கட்டும் கனவு பலிக்காது. கபடிக்கும் கோ-கோவுக்கும் அது இழப்பும் அல்ல. பெண்களுக்கும் ஜூனியர்களுக்குமான கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். சுண்ணாம்புக் கோடும் கல் பொறுக்கிய மண்ணும் போதும். கோ-கோவில் விரட்டும் அணியின் எட்டுப் பேர் உட்கார, ஒருவர் ஓட, எழும் முறை எல்லோருக்கும் வருகிறது. வேலியோரம் நிற்பவர் குறைகிறார்கள்.

குன்றே ஒரு பயிற்சித் திடல்தான். ஏழடிப்பட்டம் எனப்படும் சமணர் குகைக்குப் பாறையில் வெட்டிய படிகளின் வழியே போக வேண்டும். உள்ளே 17 கற்படுக்கைகளும் தமிழ்-பிராமி எழுத்தும் உள்ளன. உள்ளூர் மேல்நிலை மாணவர்கள் சிறிய வகுப்புப் பிள்ளைகளைக் காலை வெயில் ஏறுமுன் அழைத்துச் சென்று காட்டினால், ஏறி இறங்குவதில் உடலுக்கு வேலை கிடைக்கும், விளக்கிச் சொல்வதில் வாய்க்குப் பழக்கம் வரும். சுவரில் பெயர் கிறுக்கும் கைகளைத் தடுக்கவும் அவர்களே தகுந்தவர்கள். ஏப்ரல், மே மாத வெயிலில் மட்டும் இது வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் பந்து, விசில், சுண்ணாம்பு, முதலுதவிப் பெட்டிக்கு மேல் அதிகம் இல்லை. முதல் செட் ஊராட்சிக்கு வந்தே இருக்கும். அது எந்த அறையில் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், எந்தெந்த நாளில் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நோட்டுப் புத்தகத்தைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. அவர்களின் அக்காமார்களுக்கு இருக்கிறது.