பத்துக் கையெழுத்து

1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் திரண்டு மனுப்போட, மொடக்குறிச்சியில் 1033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டே புத்தகமாச்சு! அப்போ டெபாசிட் 250 ரூபாய். பிறகு சட்டம் மாறியது. இப்போ 10,000, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேரும் வேணும்.

தென்காசியில் நிற்கலாம்னு நினைத்தேன். புளியங்குடி எலுமிச்சை விவசாயி அண்ணாச்சி, "நான் கையெழுத்துப் போடுதேன்"னார். செல்லாது, அவர் வாசுதேவநல்லூர் தொகுதி. பத்துப் பேரும் நிற்கிற தொகுதி வாக்காளராகவே இருக்கணும்.

குற்றாலம், மேலகரம்னு வீடு வீடா நடந்தேன். ஆறு பேர்தான் சம்மதிச்சாங்க. பணத்தைப் புரட்டிரலாம், ஆளைப் புரட்ட முடியல.

நண்பர்களே, தேர்தல் தேதி அறிவிச்ச பிறகு ஆள் தேடாதீங்க. குளத்து வரத்துக்காலைத் தூர்வாரக் கூப்பிட்டா மண்வெட்டியோட வர்றவங்கதான் அந்தப் பத்துப் பேர்.