காற்றலையின் மௌனமும் ரி.சி.பி.யின் தப்பெண்ணமும்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலே நெடிய குழாய்க்கம்பங்களை நாட்டி, அவற்றின் உச்சியிற் கட்டிய அன்ரனாவை இந்தியக் கரைப்பக்கம் திருப்பித் தூரதர்ஷன் பார்த்த தலைமுறையினருக்கு, ஆகாய மார்க்கத்தில் தேச எல்லைகள் செல்லுபடியாவதில்லை என்பதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. பாக்கு நீரிணையின்மேல் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் நாட்களில், வழக்கமாக அடிவானத்தோடு நின்றுவிடும் அலைகள் கடற்பரப்பை ஒட்டி வளைந்து வெகுதூரம் சென்றுவிடுகின்றன. அன்று பொழுதுபோக்காக வாய்த்த இந்த விநோதம் இன்று பொறியியலாளருக்குத் தலைவலி.

1999இல் ஜோசப் மிட்டோலா என்பவர் பெயரிட்டு முன்வைத்த கொக்னிற்றிவ் ரேடியோ என்னும் யோசனையின் சாரம் எளியது: ஒருவருக்கு உரிமையாக்கப்பட்டும் பிரயோசனமின்றிக் கிடக்கும் அலைவரிசையைச் செவிகொடுத்துக் கண்டறிந்து பயன்படுத்துவது, உரிமையாளர் திரும்பியதும் ஒதுங்கிக்கொள்வது. தொலைக்காட்சி அலைவரிசைகளில் இதைச் செய்வதற்கென 2011இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.22 நியமம், உரிமையாளரின் வரவை 2 செக்கனுக்குள் அறியவும், அறிந்தபின் 2 செக்கனுக்குள் விலகவும் பணிக்கிறது. நெடுந்தீவு போன்ற தீவுகளுக்கு இத்தகைய இணைப்பு பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தூரதர்ஷனின் தரைவழி ஒளிபரப்புகளிற் பெரும்பாலானவை நின்றுபோன பின்பும், பழைய தொலைக்காட்சி அலைவரிசையின் ஒரு பகுதியான 700 மெகாஹேர்ட்ஸில் இந்தியக் கைபேசிச் சேவை வந்தமர்ந்திருப்பதால், அக்கரையின் மெல்லிய ஓசையையும் பிரித்தறிய நீண்ட நேரம் கேட்கவேண்டும். கேட்கும் அலைவரிசையில் அந்நேரம் பேச முடியாது.

இந்த இடைவெளியிலேதான் அனர்த்தம் விளைகிறது. 1986இல் பேர்க்லியில், சில நூறு யார் தூரமேயுள்ள இரு இடங்களுக்கிடையே செக்கனுக்கு 32,000 பிற்றுகளாக இருந்த வேகம் நெரிசலினால் வெறும் 40க்கு வீழ்ந்தது. அதைக் கண்ட வான் ஜேக்கப்சன், பதில் வராவிட்டால் வழியில் நெரிசல் என்று அனுமானித்து வேகத்தைக் குறைக்கும் விவேகத்தை, இணையத்திற் பொதிகளை அனுப்பும் நெறிமுறையான ரி.சி.பி.க்கு 1988இல் புகட்டினார். கம்பிவழிக்கு அது உத்தம யோசனை. அலைவழியிலோ, குறிகாட்டுவானில் நின்று சரக்கு அனுப்பும் வியாபாரி, படகோட்டி சற்று இளைப்பாறியதை அறியாமல் நெடுந்தீவு இறங்குதுறையே நிரம்பிவிட்டதென்று முடிவுகட்டிய கதையாகிவிடுகிறது. ரி.சி.பி. பதிலுக்குக் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரமாக விதிக்கப்பட்டிருப்பது 1 செக்கன். ரேடியோ அதற்குமேல் மௌனித்தால், அனுப்பும் கணினி ஒரேயொரு பொதிக்கு இறங்கி, ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறது. புதிய அலைவரிசை கிடைத்து வழி திறந்த பின்னும் அது உறங்கிக்கொண்டிருக்கும்!

ஆகையால் அலைவரிசையை அகலப்படுத்துவதைக் காட்டிலும், மௌனத்தின் காரணத்தை அனுப்புநருக்கு அறிவிப்பதே மேலென்பது என் அபிப்பிராயம். கௌசிக் சௌதுரியும் சகாக்களும் 2009இல் வகுத்த முறை அதையே செய்கிறது: பொதிகளைக் கைமாற்றும் இடைக் கணு ஒன்று செவிமடுக்கப் போகும்போது, அதற்கு முந்திய கணுவில் தேக்கிவைக்கக்கூடிய அளவே அனுப்பப்படுகிறது, அலைவரிசை மாறினாலோ, புதிய வழியின் கொள்ளளவை அயற்கணுக்கள் மதிப்பிட்டுச் சொல்ல, அனுப்புநர் தன் வேகத்தை அதற்கேற்ப உடனே திருத்திக்கொள்கிறார்.

செவிமடுப்பதையே தவிர்த்து, வெற்று அலைவரிசைகளின் பதிவேட்டைப் பார்த்து இயங்கும் சாதனங்களை அமெரிக்கா 2010இல் அனுமதித்தது. நம் குடாநாட்டுக்கு அத்தகைய ஏட்டைக் கொழும்பின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தனியே எழுதினாற் போதாது. அக்கரைக் கோபுரங்களின் விபரத்தைத் தில்லியும் தந்தாகவேண்டும். அதுவரை நெடுந்தீவில் நிறுத்தப்படும் எந்தக் கொக்னிற்றிவ் ரேடியோவும் தானே கேட்டறியவேண்டியதுதான். அது கேட்கும் வேளையிலெல்லாம் ரி.சி.பி.க்குச் சொல்லிவைக்க ஓர் ஏற்பாடும் வேண்டியதுதான்.