சேவல் கூவும் பேராலயம்

வடக்கு ஸ்பெயினின் ரியோகா பகுதியில் இருக்கும் சாந்தோ தொமிங்கோ தே லா கால்சாதா ஊரின் பேராலயத்துக்குள் நிற்கும்போது சேவல் கூவினால் திடுக்கிட வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் சுவரில் உயரத்தில், 15ஆம் நூற்றாண்டின் கல் வேலைப்பாட்டோடு ஒரு கோழிக்கூண்டு. உள்ளே வெள்ளைச் சேவலும் வெள்ளைக் கோழியும், உயிரோடு! அவ்வப்போது ஜோடியை மாற்றுகிறார்கள். கூவல் காதில் விழுந்தால் வழி நல்லபடியாக அமையும் என்பது யாத்ரீகர்களின் நம்பிக்கை.

ஊரார் சொல்லும் கதை இது. ஜெர்மனியிலிருந்து பெற்றோரோடு ஸ்பெயினின் புனிதத் தலமான சந்தியாகோவுக்கு யாத்திரை கிளம்பிய இளைஞன், இங்கே சத்திரத்தில் தங்கினான். சத்திரக்காரரின் மகள் அவனை விரும்பினாள். அவன் இணங்கவில்லை. ஆத்திரத்தில் அவள் வெள்ளிக் கிண்ணம் ஒன்றை அவன் மூட்டையில் ஒளித்துவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டினாள். அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். யாத்திரை முடிந்து திரும்பிய பெற்றோரிடம், தூக்குமரத்தில் தொங்கியபடியே மகன் பேசினான். ஊருக்குப் பெயர் தந்த புனிதர் தொமிங்கோ தன்னைத் தாங்கிப் பிடித்திருப்பதாகச் சொன்னான். நீதிபதியிடம் ஓடினார்கள். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். “இந்த வறுத்த சேவலுக்கும் கோழிக்கும் எவ்வளவு உயிர் இருக்கிறதோ, உங்கள் பையனுக்கும் அவ்வளவுதான்” என்றார். தட்டிலிருந்தவை சிறகு முளைத்து எழுந்து கூவின!

1350ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ஆலயத்துப் பறவைகள் இடம்பெற்றுவிட்டன. போர்ச்சுகலின் பார்செலோஸ் ஊரிலும் இதைப்போல ஒரு சேவல் கதை உண்டு. மொழி தெரியாத ஊரில் வீண்பழி விழுந்தால் நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்ற பயம் வழிப்போக்கர் எல்லோருக்கும் உண்டே. கதை ஊர் ஊராய்ப் பரவ அந்தப் பயமே போதும்.

ஆனால் என் மனம் தங்கியது கூண்டுக்கு எதிரே, அந்தப் புனிதர் தொமிங்கோவின் கல்லறையில்தான். 11ஆம் நூற்றாண்டு மனிதர். துறவியாக விரும்பியவரை மடங்கள் ஏற்கவில்லை. ஓஹா ஆற்றைக் கடக்க யாத்ரீகர்கள் படும் பாட்டைப் பார்த்தார், பாலம் கட்டினார். காட்டை வெட்டிச் சாலை போட்டார். வெறும் அரிவாளாலேயே மரங்களைச் சாய்த்தார் என்கிறது இன்னொரு கதை. விடுதியும் தேவாலயமும் எழுப்பினார். அவற்றைச் சுற்றித்தான் இந்த ஊரே உண்டானது. 1109இல் மறைந்த அவரை ஸ்பெயினின் கட்டுமானப் பொறியாளர்கள் இன்றும் தங்கள் காவல் புனிதராகக் கொண்டாடுகிறார்கள்.

கோழியைப் படம் பிடித்ததும் கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆற்றுப் பாலம்வரை நடந்துவிட்டுப் போகலாம். பழைய விடுதி இப்போது அரசு ஓட்டலாகிவிட்டது. யாத்ரீகர்களுக்குப் படுக்க இடம் கொடுக்கும் வேலையை, புனிதரின் பெயரில் இயங்கும் சகோதரர் சபை விடாமல் செய்துவருகிறது.