தேய்மானம் என்றதும் ஓய்ந்துவிட வேண்டாம்

முதுமையில் முதுகுவலி, மூட்டுவலி: அறுவை சிகிச்சையின்றிச் சமாளிக்கும் வழிகள்

புளியங்குடியிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் எங்கள் மருத்துவமனைக்கு வரும் முதியோரில் பலர், கையில் ஸ்கேன் உறையோடும் மனத்தில் ஒரு சொல்லோடும் வருகின்றனர். ‘தேய்மானம்’ என்பதே அச்சொல். “முதுகெலும்பு தேய்ந்துவிட்டதாம்”, “மூட்டுச் சவ்வு தேய்ந்துவிட்டதாம்” என்று சொல்லிவிட்டு, இனி அறுவை சிகிச்சை ஒன்றே வழியா என்று கேட்கின்றனர். அதற்குள் வீட்டில் அவர்களுடைய வேலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டிருக்கும். கடைக்குப் போவது நின்றிருக்கும். மாடிப்படி ஏறுவது நின்றிருக்கும். காலை நடையும் நின்றிருக்கும்.

தேய்மானம் என்பது வண்டிச் சக்கரத்துக்கும் அம்மிக்கல்லுக்கும் பொருந்தும் சொல். பயன்படுத்தினால் தேயும், பயன்படுத்தாமல் வைத்தால் மிஞ்சும் என்னும் எண்ணத்தை அது நம் மனத்தில் விதைத்துவிடுகிறது. உயிருள்ள மூட்டு அவ்வாறு இயங்குவதில்லை. மூட்டின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே பரவும் மூட்டுநீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளோ, வேலை கொடுத்தால் மட்டுமே வலிமையோடு இருப்பவை. ஆகவே அளவான அசைவு மூட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. மூட்டைக் காப்பதே அதுதான். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவதன் சாரமும் இதுவே.

ஸ்கேன் படம் சொல்வதும் சொல்லாததும்

முதுகுவலி சிறிதும் இல்லாத 3110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளியானது. வலியே இல்லாதவர்களிலும், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டில் தேய்வு காணப்பட்டது. நரைமுடியும் தோல் சுருக்கமும் போல, வட்டுத் தேய்வும் பெரும்பாலும் வயதின் அடையாளம். அறிக்கையில் ‘தேய்வு’, ‘வட்டுப் பிதுக்கம்’ என்று எழுதியிருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்றோ, வலி தீராது என்றோ முடிவு செய்ய இயலாது. வலியின் தன்மை, காலில் வலிமைக் குறைவு உண்டா இல்லையா, அன்றாட வேலைகள் எந்த அளவுக்குத் தடைபடுகின்றன என்பனவற்றையும் மருத்துவர் நேரில் சோதித்த பின்பே படத்துக்குப் பொருள் கிடைக்கும்.

முழங்கால் குறித்தும் நினைவில் கொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2002-இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், மூட்டுத் தேய்வு கொண்ட 180 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கு நுண்துளை வழியாக மூட்டினுள் சுத்தம் செய்யப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் இடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும் மூன்று பிரிவினருக்கும் வலியில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை

நாட்பட்ட இடுப்புவலிக்கு அறுவை சிகிச்சையின்றிச் செய்யத்தக்கவை குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கமும் தற்பராமரிப்பும், முறையான உடற்பயிற்சி, மசாஜ் போன்ற சில கைச்சிகிச்சைகள், மனநல ஆலோசனை, தேவைப்படும்போது வீக்கம் தணிக்கும் வலி மாத்திரை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் அபின் வகை வலிமருந்துகளையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பட்டை அணிந்தால்தான் நடக்க இயலும் என்று எண்ணிப் பல ஆண்டுகளாக அதை அணிந்து வருவோர், இயன்முறை மருத்துவரின் துணையோடு அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள்

கீழ்க்கண்ட நான்கும் எளியவை. முதல் முறை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் செய்து, சரியான முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1. தொடைத் தசையை இறுக்குதல்: காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைக்கவும். துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி நிறுத்தித் தளர்த்தவும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

2. கால் நீட்டுதல்: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்கவும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

3. நாற்காலியிலிருந்து எழுதல்: கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, மெல்ல எழுந்து மெல்ல அமரவும். தொடக்கத்தில் கைகளை ஊன்றலாம். 5 முறையில் தொடங்கி 10 வரை கூட்டலாம்.

4. இடுப்பை உயர்த்துதல்: கட்டிலில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றவும். இடுப்பைச் சிறிது உயர்த்தி 5 விநாடி நிறுத்தி இறக்கவும். மூச்சை அடக்க வேண்டாம்.

இவற்றோடு நடையும் வேண்டும். 5 நிமிடத்தில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டி, நாளொன்றுக்கு 30 நிமிடத்தை எட்டலாம். அதையும் மூன்று பகுதியாகப் பிரித்து நடக்கலாம். மதுரை செல்லும் நெடுஞ்சாலையோரம் இருட்டில் நடப்பதைத் தவிர்த்து, விடிந்த பின் தெருவிலோ வீட்டு முற்றத்திலோ நடக்கவும்.

“நடந்தால் வலிக்கிறதே” என்பது நியாயமான கேள்வி. பயிற்சியின்போது இலேசான வலி தோன்றி, மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கவும். அறவே நிறுத்திவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். எலும்பு வலுக்குறைவு உள்ளவர்கள் முன்பக்கம் குனிந்து வளையும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

தொழிலும் அமரும் முறையும்

நமது பகுதியில் உடல் எவ்வாறு உழைத்து வந்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மடியில் தட்டை வைத்துக் காலை மடக்கித் தரையில் அமர்ந்து பல மணி நேரம் பீடி சுற்றிய பெண்கள், குனிந்து நாற்று நட்டும் களையெடுத்தும் வாழ்ந்தவர்கள், எலுமிச்சை மூட்டைகளைத் தூக்கி இறக்கியவர்கள் ஆகியோரே எங்களிடம் மிகுதியாக வருகின்றனர். அவர்களிடம் வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. பின்பற்றுவது அவ்வளவு எளிதன்று. ஆகவே வேலையைச் செய்யும் முறையை மாற்றிக்கொள்ளுமாறு சொல்கிறோம்.

பீடி சுற்றுவோர் முதுகு சாய்ந்த நாற்காலியில் அமர்ந்து, தட்டைச் சிறு மேசை மீது வைத்துக்கொள்ளலாம். தரையில்தான் அமர வேண்டுமெனில் சுவரில் சாய்ந்து, கால்களை மாற்றி மாற்றி நீட்டிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்க வேண்டும். சுமையை ஒரே தடவையில் தூக்காமல் இரண்டாகப் பிரித்து, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். உடல் எடை மிகுந்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

தசை வளர உணவும் துணை செய்ய வேண்டும். கஞ்சியும் ஊறுகாயும் மட்டும் உண்டு நாளைக் கழிக்கும் முதியோருக்குப் பயிற்சியின் பலன் குறைவாகவே கிட்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், கேழ்வரகு ஆகியவற்றுள் இயன்றதை அன்றாடம் சேர்க்கவும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கவும்.

மாத்திரையும் தைலமும்

வலி மிகும் நாட்களில் மருந்து தேவைப்படலாம். முழங்கால்வலிக்கு வலி தணிக்கும் களிம்பு முதலில் முயலத்தக்கது. கடையில் தாமாகவே வாங்கி நாள்தோறும் உண்ணும் வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள முதியோருக்கு இவ்வாபத்து மேலும் அதிகம். பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொட்டலங்களில் விற்கப்படும் ‘மூட்டுவலிப் பொடி’களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அவற்றை நெடுநாள் உண்டவர்கள் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

தைலம் தேய்ப்பதும் சித்த மருத்துவத்தின் தொக்கணமும் தசை இறுக்கத்தைத் தளர்த்தி இதம் தரலாம். அந்த இதம் நீடிக்கும் நேரத்தைப் பயிற்சி செய்யப் பயன்படுத்திக்கொள்வது சிறப்பு. வலுவாக அமுக்குவதும் நெட்டி முறிப்பதும் எலும்பு மெலிந்தவர்களுக்கு ஏற்றவை அல்ல.

சாரல் காலம்

குற்றாலச் சாரல் தொடங்கியதும் மூட்டுகள் இறுகுவதாகப் பலர் கூறுகின்றனர். வானிலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு குறித்து ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. ஆயினும் ஈரமும் வழுக்கலும் காரணமாகப் பலருடைய நடை அக்காலத்தில் நின்றுவிடுகிறது. அதனால் இறுக்கம் கூடுகிறது. அந்த வாரங்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் மிதமான வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் அங்கே ஒத்தடம் கொடுக்கக் கூடாது. அருவியில் நீராட விரும்புவோர் துணையோடு செல்லவும். எண்ணெய் தேய்த்த உடலோடு வழுக்குப் பாறையில் நடப்பதையும், அருவியின் நேர்வீச்சைக் கழுத்திலும் முதுகிலும் ஏற்பதையும் தவிர்க்கவும். முதுமையில் ஒருமுறை விழுவது, பல ஆண்டு மூட்டுவலியைவிடப் பெருந்துன்பத்தில் முடியலாம்.

வீட்டினர் கவனத்துக்கு

“நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்து வரேன்” என்பது அன்பில் பிறக்கும் சொல். ஆனால் நாள் முழுவதும் அச்சொல்லையே கேட்கும் முதியவர் சில மாதங்களில் எழுந்திருக்கும் வலிமையையே இழக்கக்கூடும். 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நலமாக இருந்த முதியோர் பத்து நாள் படுக்கையில் இருந்ததும் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தனர். ஆகவே அவர்களால் செய்ய இயன்ற வேலையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம். காய் நறுக்குதல், துணி மடித்தல், செடிக்கு நீர் ஊற்றுதல், பேரப்பிள்ளையைத் தெருமுனை வரை அழைத்துச் செல்லுதல் ஆகிய யாவும் மருந்தே.

அதற்கேற்ப வீட்டையும் மாற்றலாம். கழிப்பறையில் உட்காரும் வகை இருக்கையும் கைப்பிடியும், குளியலறையில் வழுக்காத விரிப்பும், இரவில் சிறு விளக்கும் அமைக்கவும். தரையில் பாயில் படுத்து எழத் தடுமாறுவோருக்குக் கட்டில் நல்லது. ஊன்றுகோலை வலிக்கும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்லவும். உறக்கமின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியன வலியைக் கூட்டும். அவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவும்.

வீட்டை விட்டு வர இயலாதவர்களுக்கு 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை இல்லத்திலேயே அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுகுறித்துக் கேட்டறியலாம்.

உடனே மருத்துவரிடம் வர வேண்டிய அறிகுறிகள்

• சிறுநீர், மலம் அடக்க இயலாமை, அல்லது சிறுநீர் கழிக்க இயலாமை
• பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போதல்
• காலில் வலிமை குறைந்துகொண்டே போதல்
• விழுந்த பின் தோன்றும் கடும் வலி
• காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி
• புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி
• ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடாகி வீங்குதல்

இவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு வரவும். முதல் மூன்றுக்கும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அறுவை சிகிச்சையை நாங்கள் எதிர்க்கவில்லை. நரம்பு நசுங்கிக் கால் வலுவிழப்பவர்களுக்கு அது காலத்தே செய்யப்பட வேண்டியது. பல மாதம் முறையாகப் பயிற்சி செய்தும், எடையைக் குறைத்தும், மருந்து உண்டும் உறக்கமும் நடையும் பறிபோனவர்களுக்கு மூட்டு மாற்று சிகிச்சை நல்வாழ்வைத் திருப்பித் தருகிறது. அத்தகையோருக்கும் முன்னரே வலுவேற்றிய தொடைத் தசை, சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்கத் துணை நிற்கும். ஆகவே செய்த பயிற்சி எவ்வகையிலும் வீணாவதில்லை.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது ஸ்கேன் படத்தோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் கொண்டுவரவும். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தீர்கள், வலியால் எந்த வேலை தடைபட்டது என்பவற்றை அதில் நாள்தோறும் எழுதி வைக்கவும். எழுத இயலாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். சிகிச்சையின் அடுத்த படியை முடிவு செய்ய அக்குறிப்பேடு எங்களுக்குப் பெரிதும் உதவும்.