தவற்றைத் திருத்த எத்தனை நாள்?

கொரோனா பெருந்தொற்றை இந்தியா சிறப்பாகக் கையாண்டதா, இலங்கையா என்று கேட்டால், பெரும்பாலோர் இறப்பு எண்ணிக்கையை எடுத்து வைப்பார்கள். அந்தக் கணக்கில் முதல் சுற்று இலங்கைக்கே. அங்கே 2020 மார்ச் 20 மாலையிலேயே நாடு தழுவிய ஊரடங்கு வந்துவிட்டது. சுமார் 2.2 கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் செப்டம்பர் இறுதிவரை பதிவான இறப்புகள் 13 மட்டுமே. இந்தியாவில் அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தாலும் ஒப்பிட இடமில்லை.

எனினும், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் இன்னோர் அளவுகோலையும் கையில் எடுப்பேன். தகவல் போதாத நேரத்தில் எந்த அரசும் தவறான ஆணைகளைப் பிறப்பிக்கத்தான் செய்யும். அவற்றைத் திரும்பப் பெற எத்தனை நாள் ஆயிற்று, அதுவரை அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

நான் வசிக்கும் திண்டுக்கல் பேகம்பூரில் அந்த ஆண்டு தொற்றால் இறந்த அண்டை வீட்டுப் பெரியவரை, விரல்விட்டு எண்ணக்கூடிய உறவினர் மட்டும் நின்று நல்லடக்கம் செய்தார்கள். இறுதித் தொழுகையில் கலந்துகொள்ள முடியவில்லையே என்று தெருவே வருந்தியது. ஆனால், அடக்கம் செய்யலாமா என்ற கேள்வி எழவில்லை. புதைக்கவும் எரிக்கவும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2020 மார்ச்சிலேயே இடமளித்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே கூறியது.

இலங்கையிலோ, ஏப்ரல் 11 அன்று வெளியான அரசிதழ் அறிவிப்பு தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தொடுத்த வழக்குகளை டிசம்பர் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. அதே மாதத்தில், பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் எதிர்ப்பை மீறி எரிக்கப்பட்டது. ஆணை விலக்கப்பட்டது 2021 பிப்ரவரி இறுதியில். பத்து மாதங்களுக்கும் மேல். அதன்பின், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் மார்ச் 5 முதல் அடக்கங்கள் தொடங்கின.

இங்கும் தவறுகள் நேராமலில்லை. எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சி 2020 மார்ச் 30 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. அன்றே திரும்பப் பெற்றது. சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஏப்ரல் 19 இரவு ஒரு கும்பல் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர ஏழு நாள் ஆயிற்று.

இதைக் கொண்டு நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டிய ஆணையால் நடுவழியில் நின்ற புலம்பெயர் தொழிலாளருக்கு முதல் சிறப்பு ரயில் புறப்பட 37 நாள் ஆயிற்று. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்களுடைய துயரத்தைக் கையிலெடுத்தது மே 26 அன்று. எங்கள் மாவட்டத்து நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத்தவருக்கு இங்கே வாக்கு இல்லை. வாக்கு இருக்கும் ஊரில் அவர்கள் இல்லை. அவர்களுக்காக நெருக்கடி கொடுக்க யாருக்கும் அவசரமில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். முன் சொன்ன இரண்டும் விரைவில் திருத்தப்பட்டதற்குக் காரணம், குறுக்கே நின்று கேட்க மாநில அமைச்சரவை, எதிர்க்கட்சி, ஊடகம் என்று பல இடங்கள் இருந்ததே.

இலங்கையில் அந்த இடங்கள் அப்போது ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. தொற்றுத் தடுப்பு மையத்துக்கு ராணுவத் தளபதியே தலைமை வகித்தார். 2020 அக்டோபரில் நிறைவேறிய இருபதாவது அரசியலமைப்புத் திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தை மேலும் குவித்தது. ஊரடங்கை விரைந்து அறிவிக்க உதவிய அதே குவிப்புதான் தகன ஆணையைத் திரும்பப் பெறவிடாமலும் தடுத்தது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையைத் தளர்த்தவும் நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது.

கட்டாயத் தகனத்துக்காக இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அடக்கமா தகனமா என்பதை உரியவரே தெரிவு செய்யச் சட்டம் கொண்டுவரப்படும் என்றும் கூறியது. அந்த ஆணை பிறந்து அப்போது நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகியிருந்தன.