உங்களுக்குத் தெரியுமா? இதயத்துக்குள் மிதந்து போகும் பலூன்!

● 1967. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரை. காற்று அடங்கிப்போய்ப் படகுகளெல்லாம் அசையாமல் நிற்க, பெரிய பாய் விரித்த ஒரு படகு மட்டும் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. கரையிலிருந்து பார்த்த டாக்டர் ஜெரமி ஸ்வானுக்குப் பொறி தட்டியது. இதயத்துக்குள் அனுப்பும் குழாயின் நுனியிலும் ஒரு பாய் இருந்தால் ரத்த ஓட்டமே அதை இதயத்துக்குள் இழுத்துப் போகாதா? பாய் கடைசியில் பலூனானது. சக மருத்துவர் வில்லியம் கான்ஸின் பெயரும் சேர, 1970இல் 'ஸ்வான்-கான்ஸ் கதீட்டர்' உலகுக்கு அறிமுகம்.

● குழாயின் நீளம் 110 செ.மீ. பலூனுக்குள் போகும் காற்றோ ஒன்றரை மில்லிதான். கழுத்துச் சிரை வழியாக நுழைத்து, இதயத்தின் வலப்பக்க அறைகளைக் கடந்து நுரையீரல் தமனிக்கு அனுப்புவார்கள். நுனி எங்கே இருக்கிறதென்று எக்ஸ்ரே இல்லாமலே தெரியும். மானிட்டரில் குட்டையாக ஓடும் அழுத்த அலை திடீரென்று எகிறினால், வலது வென்ட்ரிக்கிளுக்குள் (கீழறைக்குள்) வந்தாயிற்று!

● இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது? 10 மில்லி குளிர்ந்த சலைனை உள்ளே செலுத்தினால் போதும். நுனியில் இருக்கும் வெப்ப உணரி, குளிர்ச்சி எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை வைத்துக் கணக்குச் சொல்லிவிடும்.

● போகிற வழியில் குழாய் இதயச் சுவரை உரசினால் துடிப்பு தடுமாறும். பெரும்பாலும் குழாய் கடந்ததும் அடங்கிவிடும். ஆனால், இதயத்தின் இடப்பக்க மின்பாதை முன்பே அடைபட்டவருக்கு வலப்பக்கமும் நின்றுவிட்டால் ஆபத்து. அதனால்தான் அவர்களுக்குப் பேஸ்மேக்கர் வசதியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

● எல்லாரும் அஞ்சுவது நுரையீரல் தமனி கிழிவதற்குத்தான். ஆயிரத்தில் இரண்டு பேருக்குக்கூட நேராது. நேர்ந்தால், ஏறத்தாழ பாதிப் பேர் பிழைப்பதில்லை. மூச்சுக்குழாயில் பொங்கி வரும் ரத்தம்தான் முதல் அறிகுறி. இதய அறுவையில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இதயம், நுரையீரலின் வேலையை ஏற்கும் ஹார்ட்-லங் மெஷின் ஓடத் தொடங்கியதும் இதயம் காலியாகிச் சுருங்கும். உள்ளே தளர்வாகக் கிடந்த குழாய் தானாகவே முன்னேறி, சின்னக் கிளையொன்றில் போய்ச் செருகிக்கொள்ளும். அங்கே பலூனை ஊதினால் கதை கந்தல். அதனால், மெஷினை ஓட்டுவதற்கு முன்பே குழாயை 3 முதல் 5 செ.மீ. வெளியே இழுத்துவைப்பது மயக்க மருத்துவர்களின் வழக்கம்.

● இதயத்தோடு குழாயையும் சேர்த்துத் தைத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன! நெஞ்சை மூடுமுன் குழாயைக் கொஞ்சம் அசைத்து, தாராளமாக நகர்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஐசியுவில் எடுக்கும்போது வர மறுத்தால் பலமாக இழுக்கவே கூடாது. மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டியும் வரலாம்.

● இவ்வளவு பாடுபட்டு அளந்ததால் உயிர்கள் கூடுதலாகப் பிழைத்தனவா? இதயம் அல்லாத பெரிய அறுவைகளுக்கு வந்த, 60 வயதை எட்டிய 1,994 பேரிடம் கனடாவில் சோதித்தார்கள். 2003இல் வந்த முடிவு: கதீட்டர் போடாதவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 7.7 சதவீதம், போட்டவர்களில் 7.8! நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது போட்டவர்களில் 8 பேருக்கு. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. யோசித்தால் இதில் வியப்பில்லை. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைக்குமா என்ன? அமெரிக்காவில் 1993க்கும் 2004க்கும் இடையே இதன் பயன்பாடு 65 சதவீதம் சரிந்தது. ஆனாலும் இதய மாற்று அறுவை, நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தவர்கள் என்று வரும்போது இன்றும் பல மருத்துவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

● 1990இல் வெளியான ஓர் ஆய்வில் 496 மருத்துவர்களுக்கு இந்தக் குழாயைப் பற்றி 31 கேள்விகள் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். சராசரி மதிப்பெண் 67 சதவீதம்.

● உள்ளே தள்ளும்போது பலூன் ஊதியிருக்க வேண்டும். வெளியே இழுக்கும்போது காற்று இறங்கியிருக்க வேண்டும். மறந்து இழுத்தால், வரும் வழியில் வால்வு கிழியலாம்.