கடலில் வீழ்ந்த சிறு விமானத்தைச் செய்மதி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கட்டைபறிச்சானில் நின்று கொட்டியாரக்குடாவைப் பார்த்திருக்கையில், சீனன்குடாவிலிருந்து கிளம்பிய சிறு விமானமொன்று இரைந்துகொண்டே கடலின்மேல் மறையுமாயின், அது அங்கே வீழ்ந்தால் யாருக்குத் தெரியும் என்ற வினா உங்கள் மனத்தில் எழுந்ததுண்டா?

விமானத்தின் வாற்புறத்தே பொருத்திய அபாய அறிவிப்புக் கருவி, மோதலின் அதிர்ச்சியால் தானே விழித்து, ஏறத்தாழ 50 வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடியே நீடிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் வானொலிக் குரலை விண்ணுக்கு அனுப்புகிறது.

குரல் வந்த இடம் எங்ஙனம் புலப்படும்? மூதூர் வீதியில் ஹோர்ன் அடித்தபடியே விரையும் பஸ்ஸைக் கண்மூடிக் கேளுங்கள்: நெருங்குகையில் உயர்ந்திருந்த ஸ்வரம், நம்மைக் கடந்த க்ஷணத்தில் தாழ்ந்துவிடுகிறதல்லவா? சட்டென்று தாழ்ந்தால் பஸ் அருகே சென்றது. மெல்ல மெல்லத் தாழ்ந்தால் தூரத்தே சென்றது. இங்கே ஓடுவது செய்மதி, நிற்பது கருவி என்பதே பேதம். அந்த ஸ்வர மாற்றம் சில கிலோமீட்டருக்குள் இடத்தைக் காட்டும், ஜி.பி.எஸ். இணைந்த கருவியோ 100 மீட்டரளவில் காட்டிவிடும்.

1982 செப்டம்பரில், கனடாவில் வீழ்ந்த சிறு விமானத்தின் மூவரே இச்செய்மதி முறையால் முதன்முதலில் மீட்கப்பட்டனர். இலங்கையின் அபாயக் குரல்களைப் பெங்களூரிலுள்ள இந்திய நிலையம் கேட்டறிவிக்கிறது.

இதுவன்றி, விமானி கையோடு கொண்டுசெல்லும், செய்தி எழுதி அனுப்பும் செய்மதிக் கருவியும் உண்டு; அது பதிலையும் பெற்றுத் தருவதால் பேருபகாரமானதே; எனினும் அதற்குச் சந்தா வேண்டும், பொத்தானை அழுத்த நினைவுள்ள விரலும் வேண்டும். வாற்புறக் கருவிக்கோ, வீழ்ச்சியில் அன்டெனாக் கம்பி முறிந்தால் குரலே இல்லை. ஆகவே இரண்டும் வேண்டுமென்பேன்: ஒன்று விமானத்தில், மற்றது விமானியின் சட்டைப்பையில்.

பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியை மாத்திரம் நம்பிவிடாதீர்கள். 2009 பெப்ரவரி 1 முதல் செய்மதிகள் அக்குரலுக்குச் செவி சாய்ப்பதில்லை.